மூன்றாவது புகைச் சோதனை

டிப்போவில் பஸ்களின் புகையை அளக்கும் வேலை அவளுக்கு. அதே டிப்போவில் அவள் கணவர் டிரைவர். நகரத்தின் செங்குத்தான சாலையில் பதினான்கு வருஷம் ஓட்டியதால் எல்லோரும் அவரை 'மேட்டு ராசா' என்றார்கள். அவர் இறந்து நான்கு வருஷமாகிறது. ஆனாலும் அந்த மூன்றாவது சோதனையை நினைத்தால் அவளுக்கு முதலில் வருவது சிரிப்புதான்.

அவருடைய பஸ் அதற்குள் இரண்டு முறை தோற்றிருந்தது. இன்னொரு முறை தோற்றால் வண்டியை நேரே பழைய இரும்புக்கு உடைக்கப் போட்டுவிடுவார்கள். அவர் மாற்று டிரைவராகி, யாராவது லீவு போட்டால்தான் ஸ்டியரிங்கைத் தொட முடியும். சோதனைக்கு முந்தின ராத்திரி சாப்பாட்டிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"நாளைக்குக் கொஞ்சம் பார்த்துப் போடு."

"மெஷின் போடும். நான் எழுதுவேன்."

"மெஷினுக்கா நான் புருஷன்?"

"வீட்டுலதான் புருஷன். டிப்போவுல நீங்க முப்பத்தொன்பதாம் நம்பர் வண்டி."

மறுநாள் காலை வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, ஒன்றும் தெரியாத பாப்பா முகத்தோடு "வணக்கம் மேடம்" என்றார். அளக்கும் முன் குழாயில் தங்கிய பழைய கரி வெளியேற வேண்டும். அதனால் வழக்கம்போல், "ஒரு தடவை நல்லா மிதிங்க" என்றாள்.

மிதித்தார். என்ஜின் உறுமியது, திணறியது. 'டொப்' என்று ஒரு சத்தம். குழாயிலிருந்து ஈரமான கறுப்புப் பந்து ஒன்று பறந்துபோய், பின்னால் நின்றிருந்த டிப்போ மேனேஜரின் வெள்ளைச் சட்டையில் அப்பிக்கொண்டது.

மேனேஜர் அதை இரண்டு விரலால் உரித்தெடுத்தார். "என்னம்மா இது?"

ஓரத்தில் மஞ்சள் கட்டம் தெரிந்தது. காலையில் சூடான பாத்திரம் இறக்க அவள் சமையலறையில் தேடிய துணி.

"கரித்துணி சார்."

மேட்டு ராசா இறங்கி வந்தார். "நனைச்சு வெச்சா கரி அதுலயே தங்கிடும்னு நெனச்சேன். பேரே கரித்துணிதானே?"

டிப்போவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மேனேஜர் சிரிக்கவில்லை. "மூணாவது ஃபெயில். எழுதும்மா."

அவள் பேனாவை எடுத்தாள். படிவத்தை இரண்டு முறை படித்தாள்.

"எழுத முடியாது சார். இன்னும் அளக்கவே இல்லியே. குழாயில வேற பொருள் இருந்தா சோதனை செல்லாது, ஒரு வாரத்துல மறுசோதனைன்னு இதுலயே போட்டிருக்கு."

"புருஷனைக் காப்பாத்தறியா?"

அவள் படிவத்தில் எழுதிக் காட்டினாள்: 'குழாயில் கரித்துணி ஒன்று. எங்கள் வீட்டுடையது. வைத்தவர் டிரைவர்.'

மேட்டு ராசாவுக்கு ஒரு மெமோ கிடைத்தது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

அந்த வாரம் மெக்கானிக் வண்டியைக் குடைந்தார். அடைத்துப்போன காற்று வடிகட்டியை மாற்றினார். டீசல் பம்பைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"அண்ணே, டீசலைக் கூட்டி வெக்கச் சொல்லி என் உசிரை எடுத்தது யாரு?"

மேட்டு ராசா கூரையைப் பார்த்தார். மேட்டில் வண்டி பாய வேண்டுமென்று கேட்டவர் அவர்தான். சரியாக எரியாத அந்த டீசல்தான் அத்தனை கறுப்பும்.

"குறைச்சா மேட்டுல நகராதுப்பா."

"நகரும். ராசா நடையில நகரும்."

மறுசோதனையில் மெஷின் முள் அனுமதித்த அளவில் பாதியைக்கூடத் தொடவில்லை. அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு, அன்றைக்கே அவர் வண்டியில் ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்தாள். மேட்டில் வண்டி நத்தையாக ஊர்ந்தது.

"டிரைவர், இறங்கித் தள்ளட்டுமா?" என்று யாரோ கத்தினார்கள்.

"என் பொண்டாட்டி பின்னாடி உக்காந்திருக்கா, அவளைக் கேளுங்க!"

அத்தனை தலைகளும் திரும்பின. வெட்கம் பிடுங்கித் தின்ன, அவள் பின்கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பஸ்ஸை ஒட்டினாற்போல் ஒருவர் சைக்கிள் மிதித்து வந்தார். முன்பெல்லாம் இந்த வண்டிக்குப் பின்னால் வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்குவார்கள். இவர் ஒதுங்கவில்லை. வாயை அகலத் திறந்து ஏதோ ஒரு பாட்டை முழுத் தொண்டையில் பாடிக்கொண்டு வந்தார். பாட்டு சகிக்கவில்லை. மேடு முடியும்வரை அவள் கேட்டுக்கொண்டே வந்தாள்.