மாத்திரையோடு, மாத்திரையால்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் கைங்கரியத்தில் பிறந்தது. மரபணு ஆய்வுக்கூடம் ஒன்று கர்ப்பிணிகளுக்காக அச்சிட்ட கையேட்டுக்கு நான்தான் பிழைதிருத்தினேன். “தலைவலி மாத்திரையோடு தொடர்புடையதாகக் காணப்படும், குழந்தைகளின் காது மந்தம்” என்று இருந்தது. இழுவையாக இருக்கிறதே என்று, “தலைவலி மாத்திரையால் வரும் காது மந்தம்” என்று செதுக்கிவிட்டேன். (ஓடு, ஆல் இரண்டையும் மூன்றாம் வேற்றுமை என்று ஒரே வீட்டில் குடிவைத்தவர்கள் இலக்கணக்காரர்கள். பழியில் அவர்களுக்கும் பங்கு கொடுக்கப் பார்க்கிறேன், வேறொன்றுமில்லை.)

2

ஆய்வுக்கூடத்தின் புள்ளியியல்காரி, கண்ணாடியைக் கழற்றாமலே தூங்குகிற…

[வேண்டாம். அவள் அப்படித் தூங்குவதில்லை. எழுதினால் நன்றாக இருக்குமே என்று எழுதினேன். என் புத்தி அது.]

மறுபடியும். புள்ளியியல்காரியின் அக்கா அந்தக் கையேட்டைப் படித்தாள். அவளுக்குத் தீராத தலைவலி. மகள் வயிற்றில் இருந்தபோது மாத்திரை போட்டவள். மகளுக்குக் காது மந்தம்.

“என்னாலதான்டி” என்று தங்கையிடம் அழுதாள்.

தங்கை நேரே வந்து என்னை ஒரு பிடி பிடித்தாள். “சேர்ந்து வந்தா ஒண்ணால இன்னொண்ணு வந்ததுன்னு அர்த்தமா சார்? பஸ்ல பக்கத்துல உட்கார்ந்தவங்க எல்லாம் புருஷன் பொண்டாட்டியா?”

3

மூன்று வருடம் அவள், ஒன்றுக்குக் காது மந்தம் இருந்து இன்னொன்றுக்கு இல்லாத உடன்பிறப்புகளைத் தேடி அலைந்தாள். ஒரே அம்மா, இரண்டு கர்ப்பத்திலும் அதே மாத்திரை. அம்மாவின் மரபணுவில் மாறிப்போயிருக்கும் ஓர் எழுத்து, குலுக்கல் மாதிரி, ஒரு பிள்ளைக்கு விழும், இன்னொன்றுக்கு விழாது. விழுந்த பிள்ளைகளுக்குத்தான் மந்தம். அம்மாக்களுக்குத் தலைவலி கொடுத்ததும் அதே எழுத்து. மாத்திரை பாவம், சும்மா கூட வந்த ஆள்.

4

தங்கை துள்ளிக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடினாள். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“மாத்திரையால இல்லக்கா. ஒரு எழுத்தால. பாப்பாவுக்கும் அது இருக்கு, பார்த்துட்டேன்.”

“அந்த எழுத்து அவளுக்கு யார்கிட்டேர்ந்து வந்துச்சு?”

“உன்கிட்டேர்ந்துதான்.”

“அப்போ மறுபடியும் என்னாலதானே?”

எழுதிக்கொண்டிருந்த நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

5

முடிவு அ: “குலுக்கினது நீயாக்கா?” என்கிறாள் தங்கை. அக்கா சிரித்துவிடுகிறாள். (சிரிக்கமாட்டாள். எனக்குத் தெரியும்.)

முடிவு ஆ: பள்ளியிலிருந்து வந்த மகள், காதுக்கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, அம்மாவை…

[விட்டுவிடுகிறேன். குழந்தையைக் காட்டிக் கண்ணீர் வாங்குவது மலிவான வேலை.]

ஒருமுறை வாக்கியத்தை அழகாக்கி அந்தப் பெண்ணின் நிம்மதியைக் கெடுத்தவன் நான். இன்னொரு முறை கைவைக்கப் பயமாக இருக்கிறது. தங்கை என்ன பதில் சொல்லவேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். இந்த மூன்று வருடமாக, தலையே வெடித்தாலும் அக்கா மாத்திரை போடுவதில்லை. இப்போதும் நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறாள்.