சுகிர்தம் டீச்சரின் அளவு ரவிக்கை

"உங்களுக்கும் திரும்ப முளைக்குமா டீச்சர்?"

கேட்டவள் இரண்டாம் வகுப்பு உலகம்மை. அவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. விழுந்த பல் முளைத்துவிடும் என்று அந்த வாரம்தான் வீட்டில் ஆறுதல் சொல்லியிருந்தார்கள். ஆகவே, டீச்சரின் மார்பில் ஒரு பக்கம் தட்டையாக இருப்பதைக் கண்டதும் அக்கறையோடுதான் விசாரித்தாள். வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது.

அது ஐம்பத்தெட்டாம் வருஷம் ஜூன் மாதம், தென்காசியில் பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள். சுகிர்தம் டீச்சர் கோடை விடுமுறையில் மிஷன் ஆஸ்பத்திரியில் வலது மார்பைக் கட்டியோடு எடுத்துவிட்டு வந்திருந்தாள். உயிர் பிழைத்ததற்காக ஆலயத்தில் ஸ்தோத்திரக் காணிக்கையும் படைத்தாயிற்று. வகுப்புச் சிரிப்பைக் கேட்டபோது, காணிக்கையில் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டோமோ என்று தோன்றியது. சாக்குக்கட்டியை மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

பள்ளித் தாளாளர் இரக்கமுள்ளவர். ஜூன் முடியும்வரை லீவு கொடுத்தார். ஜூலை முதல் திங்கட்கிழமை வகுப்பில் வந்து நிற்காவிட்டால், பாளையங்கோட்டையில் பயிற்சி முடித்த ஒரு பெண் காத்திருக்கிறாள் என்பதையும் அதே இரக்கத்தோடு சொன்னார். சுகிர்தத்துக்கு வீட்டில் கணவர் இருந்தார், பிள்ளைகள் இருந்தார்கள். ஆனால் கரும்பலகைக்கு முன்னால் நிற்கும்போதுதான் அவள் யாரென்று அவளுக்குத் தெரியும். அந்த இடத்தை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை. கையைத் தூக்கி எழுதினால் சேலைத் தலைப்பு விலகும். விலகினால் சிரிப்பு வரும். அந்தப் பக்கத்தை நிரப்ப ஏதாவது செய்தாக வேண்டும்.

கணவர் ஏசுதாசன் பக்திமான். இந்தப் பேச்சை எடுத்தாலே கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்துவிடுவார். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறக்கும்போது பேச்சு மாறியிருக்கும் என்பது அவருடைய விசுவாசம்.

அடுத்த வீட்டு ஆவுடையம்மாள் அப்படிக் கைவிடுகிறவள் அல்ல.

"ஏட்டி சுகிர்தம், இலவம்பஞ்சு வச்சு ஒரு உறை தச்சுக்கோ. செய்யதுதான் செய்யுத, கொஞ்சம் எடுப்பாவே செஞ்சிரு. கூட ஒரு சாண் துணி ஆவுமா?"

"ஒண்ணு மட்டும் எடுப்பா இருந்தா மத்தது என்ன செய்யும் யக்கா?"

"அதுக்கும் மேல ஒண்ணு வச்சு மூடு. ஆருக்குத் தெரியப் போவுது?"

"தெருவுக்கே தெரியுமே."

"தெரியாதவங்களுக்கு நான் எடுத்துச் சொல்லிருதேன். நீ கவலப்படாத."

அந்த வாக்கை மட்டும் ஆவுடையம்மாள் சிறிதும் தவறாமல் காப்பாற்றினாள்.

தென்காசி பஜாரில் ரவிக்கை தைக்கிறவர்கள் பெண்களை அளவெடுப்பதில்லை. பழைய ரவிக்கை ஒன்று, அளவுக்கென்று, புதுத்துணியோடு சேர்ந்து போகும். அது சொல்வதுதான் அளவு. சுகிர்தத்தின் டிரங்குப் பெட்டியில் பழைய ரவிக்கைகளுக்குப் பஞ்சமில்லை. போன மாசி வரை போட்டதுகூட மேலேயே மடித்திருந்தது. அவள் அதைத் தள்ளிவிட்டு அடியில் கைவிட்டு, கல்யாணத்துக்குத் தைத்த ரோஸ் பட்டு ரவிக்கையை எடுத்தாள். ஏன் என்று தன்னிடமே அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

தையல்கார அப்துல் மஜீது கண்ணியமானவர். வேலை இன்னதென்று ஆவுடையம்மாள் முன்கூட்டியே விளக்கியிருந்தபடியால், அவர் தலையைத் தூக்காமல் தையல் மிஷினோடு பேசினார்.

"பொருளுக்கு அளவு இதுதானா டீச்சரம்மா?"

"இதுதான் பாய்."

"கொஞ்சம் பழைய அளவு மாதிரி தெரியுது…"

"நான் அப்படியேதான் இருக்கேன்."

டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர் கத்தரியை எடுத்தார்.

பொருள் வந்தது. சுகிர்தம் அதை உள்ளே வைத்துக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். வலது பக்கத்தில் இருபது வயதுக் கல்யாணப்பெண் நிமிர்ந்து நின்றாள். இடது பக்கத்தில், மூன்று பிள்ளைகளுக்குப் பால் கொடுத்து வளர்த்த டீச்சர் களைத்து நின்றாள். இருவருக்கும் முன்பின் அறிமுகம் இருப்பதாகவே தெரியவில்லை. சுகிர்தம் நன்றாக யோசித்து, குற்றம் இடது பக்கத்தின் மேல்தான் என்று தீர்ப்புச் செய்தாள்.

இன்னொரு குறையும் இருந்தது. பஞ்சுக்குக் கனமில்லை. எழுதுவதுபோல் கையைத் தூக்கிப் பார்த்தாள். பொருளும் பாடம் படிக்கும் ஆசையில் கழுத்தெலும்பு வரை ஏறி வந்தது.

"கனம் வேணும்லா," என்றாள் ஆவுடையம்மாள். "பஞ்சை எடுத்துட்டு சிறுபயறு போடு. நல்லாத் திணிச்சுப் போடு. எங்க வீட்டுல கெடக்கு, தாரேன்."

பயறு கனத்தது. கையைத் தூக்கினால் அசையவில்லை. சுகிர்தத்துக்கு நம்பிக்கை வந்தது. லீவு முடிகிற வாரக் கடைசியில், சபைப் பெண்கள் குற்றாலத்தில் ஒரு பங்களாவை எடுத்து வெள்ளிக்கிழமை முதல் ஞாயிறு வரை ஜெபக்கூடுகை வைத்திருந்தார்கள். திங்கட்கிழமைக்கு அதையே ஒத்திகையாக வைத்துக்கொள்ளலாம் என்று புறப்பட்டுப் போனாள்.

சீசனில் குற்றாலத்துக்குப் போனால் அருவிப் பக்கமே எட்டிப் பார்க்காதவளும் நனைவாள். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சாரல் பிடித்துக்கொண்டது. பங்களாக் கொடியில் போட்ட சேலை எதுவும் காயவில்லை. பெண்கள் எல்லோரும் ஒரே கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். அத்தனை பேர் நடுவே இதை எங்கே கழற்றி எங்கே உலர்த்துவது? விதை முளைக்க ஈரம், சூடு, காற்று மூன்றும் வேண்டும் என்று ஐந்தாம் வகுப்புக்கும் பாடம் எடுத்து வருஷம் தவறாமல் எழுதிப் போட்டவள், மூன்றையும் மார்போடு கட்டிக்கொண்டு தூங்கினாள்.

சனிக்கிழமை பயறு ஊறியது. மத்தியானம் உப்பியது. சாயங்காலம் ஆவுடையம்மாள் ஆசைப்பட்ட அளவையும் தாண்டியது.

"டீச்சருக்குக் குற்றாலக் காத்து நல்லா ஒத்துக்கிட்டுது," என்றார்கள் சபைப் பெண்கள். "ஒரே நாள்ல எப்படித் தேறிட்டாங்க!"

ஆண்டவருடைய கிருபை என்று சுகிர்தம் அடக்கமாகச் சொன்னாள்.

ஞாயிறு காலை ஜெபத்தின் நடுவே, அப்துல் மஜீதின் தையல் தன்னால் இயன்றவரை பொறுத்துப் பார்த்துவிட்டு விட்டுக்கொடுத்தது. எல்லோரும் கண்களை மூடியிருந்தார்கள். சுகிர்தம் சேலையை நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, அருவிச் சாலையில் மழையில் நடந்தாள். திங்கட்கிழமை முடிந்துபோயிற்று என்று நினைத்தாள்.

சாலையோரத்தில் தங்கத்தாய் சாக்குப் படுதாவுக்குக் கீழே மணல் போட்டு நிலக்கடலை வறுத்துக்கொண்டிருந்தாள். உலகம்மையின் அம்மா. சீசனுக்குச் சீசன் அங்கே கடை போடுகிறவள். இப்போது அவளுக்கு நிறைமாதம்.

"டீச்சரம்மா! என்ன நெஞ்சைப் பிடிச்சிட்டு வாரீய? வலிக்கா? உள்ள வாங்க மொதல்ல."

உள்ளே இழுத்துக்கொண்டு படுதாவை இறக்கினாள். சுகிர்தம் கையை எடுத்தாள். பயறு பொலபொலவென்று உதிர்ந்தது. ஒவ்வொன்றிலும் வெள்ளையாக ஒரு வால்.

தங்கத்தாய் குனிந்து ஒன்றைப் பொறுக்கிப் பார்த்தாள்.

"முளைப்பாரிக்கு இன்னும் நாள் கெடக்குல்லா டீச்சரம்மா?"

சுகிர்தத்துக்கு அழுகை வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து அவள் சிரித்ததில்லை. தங்கத்தாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் தலையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எம்மவ உங்ககிட்ட என்னமோ கேட்டாளாம்லா. வாயிலயே ஒண்ணு போட்டேன்."

"இனிமே அடிக்காத தங்கத்தாய். அவ என் முகத்துக்கு நேரா கேட்டா. மத்தவங்க எல்லாம் என் முதுகுக்குப் பின்னாலதான் கேட்டாங்க."

தங்கத்தாய் பக்கத்திலிருந்த பையிலிருந்து சின்னத் தலையணை ஒன்றை எடுத்தாள். பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தலை உருண்டு வரவேண்டும் என்று கடுகு நிரப்பித் தைத்தது. நூல்முனை இன்னும் அறுபடவில்லை.

"இது கனமாவும் இருக்கும், மெத்துன்னும் இருக்கும்."

"பிள்ளைக்குத் தச்சது அது!"

"அது வரட்டும். வந்தா என் மடியில படுத்துக்கிடும்."

தையலைப் பிரித்தாள். சுகிர்தத்துக்கு அந்த நிலையிலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"கொஞ்சம் பெருசா வச்சா…"

"எதுக்கு டீச்சரம்மா? இருக்கதுக்குச் சோடியா இருந்தாப் போதும்லா. அது பாவம், ஒத்தையில கெடக்கு."

அந்த இன்னொன்றைப் பற்றி இதுவரை யாரும் பாவம் என்று சொன்னதில்லை. சுகிர்தமும் சொன்னதில்லை. அவள் இடது பக்கத்துச் சேலையை மெல்ல இழுத்து மூடிக்கொண்டாள். பிறகு டீச்சராகிவிட்டாள்.

"கடுகை முதல்ல வெதுப்பு. வறுத்த விதை முளைக்காது. அஞ்சாம் வகுப்புப் பாடம்."

"இதைப் பயறு போடும்போது நெனச்சிருக்கப்பிடாதா?"

"பாடம் பிள்ளைகளுக்கு மட்டும்தான்னு நெனச்சிட்டேன்."

தங்கத்தாய் மணலைத் தள்ளிவிட்டு, தணிந்த சூட்டில் கடுகைப் புரட்டினாள். ஆறவைத்து, பயறு உதிர்ந்த உறையில் பாதியளவு கொட்டித் தைத்தாள். அதைச் சரித்து, கீழே கொஞ்சம் இறக்கி, இடது பக்கம் இருக்கும் இடத்துக்கே கொண்டுவந்து கட்டிவிட்டாள். கண்ணாடி இல்லை. சுகிர்தம் தங்கத்தாயின் முகத்தைப் பார்த்தாள். அவள் தலையை ஆட்டினாள்.

பங்களாவுக்குத் திரும்பியபோது சபைப் பெண்கள் வருத்தப்பட்டார்கள். "நேத்து நல்லா இருந்தீங்களே டீச்சர், இன்னிக்கு வாடிட்டீங்களே!"

திங்கட்கிழமை சுகிர்தம் கையைத் தூக்கிக் கரும்பலகையில் எழுதினாள். எதுவும் ஏறவில்லை, எதுவும் இறங்கவில்லை. பாளையங்கோட்டைப் பெண் வேறு பள்ளிக்கூடம் பார்க்கும்படி ஆயிற்று. முதல் வரிசையிலிருந்து உலகம்மை எட்டிப் பார்த்தாள். அடி வாங்கிய ஞாபகத்தில் மெதுவாகக் கேட்டாள்.

"முளைச்சிட்டுதா டீச்சர்?"

"இல்லம்மா. இது தச்சு வச்சது. இனி முளைக்காது."

"என் பல்லு?"

"அது முளைக்கும்."

உலகம்மைக்கு அது போதுமானதாக இருந்தது. வகுப்பும் சிரிக்க மறந்து எழுதத் தொடங்கியது.

ஆடியில் தங்கத்தாய்க்கு ஆண்பிள்ளை பிறந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் சுகிர்தம் மேலகரத்தில் அவள் வீட்டுக்குப் போனாள். தங்கத்தாய் பின்பக்கம் துணி துவைக்கும் சத்தம் கேட்டது. உள்ளே தொட்டிலில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. தலைக்குக் கீழே மடித்த பழந்துணி.

சுகிர்தம் பையிலிருந்து ஒரு சின்னத் தலையணையை எடுத்தாள். உள்ளே கடுகு, வறுத்தது. மேலே ரோஸ் பட்டு. அந்த ரவிக்கையில் வெட்டியது போக மீதி எதுவும் இல்லை. பிள்ளையின் தலையை ஒரு கையால் தூக்கி, பழந்துணியை எடுத்துவிட்டு அதை வைத்தாள். பிள்ளை ஒருமுறை முகத்தைச் சுளித்துவிட்டுத் தூங்கியது.

துணி துவைக்கும் சத்தம் நிற்பதற்குள் அவள் தெருவுக்கு வந்துவிட்டாள்.