மூக்காயியின் பதினேழு விநாடி

1

இந்தக் கதை எனக்கு ஒரு டவுன் பஸ்ஸில் கிடைத்தது. அகரத்திலிருந்து திண்டுக்கல் வந்துகொண்டிருந்தேன். முன்சீட்டுக்காரர் கைபேசியில் உள்ளூர் கேபிள் சேனலின் பத்து மணி நிகழ்ச்சியைச் சத்தமாக ஓடவிட்டிருந்தார். ஒருவர் அரசியல்வாதிகளைக் கிண்டல் செய்ய, கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் மெல்லத் திரும்பி, "நீங்க அந்தக் கட்சியா?" என்று கேட்டார்.

நான் சிரிப்பை அப்படியே விழுங்கிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இறங்க வேண்டிய இடத்துக்கு ஒரு நிறுத்தம் முன்பே இறங்கியும் விட்டேன். அந்த வெட்கத்தில் எழுத உட்கார்ந்ததுதான் இது. வீரம் எதுவும் எதிர்பார்க்காதீர்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'திண்டுக்கல்லில் பிரபு என்றொரு நகைச்சுவைப் பேச்சாளன்—'

அதற்கு மேல் ஓடவில்லை. பிரபு யாரைக் கிண்டல் செய்தாலும் நாலு பேர் திட்டுவார்கள், அவனும் நாலு வார்த்தை திருப்பித் திட்டுவான், விஷயம் முடிந்துவிடும். பெயரை ரஃபி என்று மாற்றி, அதே கிண்டலை அவன் வாயில் வைத்தேன். உடனே அது கிண்டலாக இல்லாமல் கட்சியாகிவிட்டது. எனக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் ஊரில் நடப்பது இதுதான் என்று உங்களுக்கும் தெரியும்.

எனவே, ரஃபி. வயது முப்பத்தெட்டு. வாரம் முழுக்கத் தோல் செருப்புக் கடை. சனிக்கிழமை மட்டும் 'பத்து மணிக் கச்சேரி'யின் பேச்சாளர். (படப்பிடிப்பு மதியம் மூன்று மணிக்கு. ஜன்னலை அடைத்து, நிலா வரைந்த துணியைப் பின்னால் தொங்கவிட்டால் ராத்திரி வந்துவிடும். வெக்கையை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது.)

சேனல் முதலாளி வேலுசாமிக்கு ஒரே ஒரு சட்டம்தான். "ரெண்டு பக்கத்துக்கும் ஆளுக்கு ஒரு அடி. கூடவும் வேணாம், கொறையவும் வேணாம்." ரஃபி மூன்று வருடமாக அந்தச் சட்டத்தை மீறியதில்லை. மற்ற யாரையும்விட அவனுக்குத்தான் அது தேவைப்பட்டது. ஒவ்வொரு சனிக்கிழமையும் வீட்டுக்கு வந்ததும் மனைவி ஷமாவிடம் இரண்டு கிண்டலையும் சொல்லிக்காட்டி, "சமமா இருக்கா?" என்று கேட்பான். "உங்க பேரு சமமா இல்லையே" என்று ஒருமுறை அவள் சொன்னாள். அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

3

வம்பு வந்த வாரத்தின் கிண்டல்கள் இவை. முதலாவது ஆளுங்கட்சிக்கு:

"நம்ம வார்டுல புதுக் குழாய் திறந்தாங்க. தலைவர் ரிப்பன் வெட்டுனாரு, தண்ணி கொட்டுச்சு, எல்லாரும் கை தட்டுனாங்க. அந்தத் தண்ணி முந்தின நாளே லாரில வந்து எறங்கிருச்சு."

இரண்டாவது எதிர்க்கட்சிக்கு:

"அதைக் கண்டிச்சு காலிக் குடத்தோட போராட்டம் பண்ணாங்க. அம்புட்டும் புதுக் குடம். வெலைச் சீட்டைக்கூடக் கிழிக்கல. போட்டோ முடிஞ்சதும் கடையில திருப்பிக் குடுக்கணும்ல."

(இரண்டையும் ஒரே அளவாகத்தான் எழுத நினைத்தேன். எண்ணிப் பார்க்க வேண்டாம்.)

வார்த்தை சமமாக இருந்து என்ன? பார்வையாளர் இருபது பேரில் முதல் வரிசையில் மூக்காயி இருந்தாள். ஒப்பந்தத்தில் தெரு கூட்டும் வேலை பார்க்கிற ஐம்பது வயதுக்காரி. டீயும் வடையும் தருகிறார்களே என்று வாராவாரம் வந்துவிடுவாள். லாரித் தண்ணிக்கு அவள் சிரித்தாள் பாருங்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, பதினேழு விநாடி. குடத்துக்கு உதட்டைக்கூட அசைக்கவில்லை.

யாரோ அந்தப் பதினேழு விநாடியை மட்டும் வெட்டி ஊர் முழுக்க அனுப்பிவிட்டார்கள். 'ரஃபி எந்தப் பக்கம்னு தெரிஞ்சு போச்சு' என்று ஒரு தலைப்பு. அதற்குக் கீழே வந்தவற்றை இங்கே எழுதப்போவதில்லை. ரஃபி எல்லாவற்றையும் படித்தான், கடையில் செருப்பு கேட்டு வந்தவரை நிற்கவைத்துவிட்டுப் படித்தான்.

4

செவ்வாய்க்கிழமை மூக்காயி கடைக்கு வந்தாள். உள்ளே வராமல் படியிலேயே நின்றாள்.

"தம்பி, எங்களை வேலை வாங்குற மேஸ்திரி என்னைய வரச் சொல்லி அந்தப் படத்தைக் காட்டுனாரு. சிரிச்சது நீதானான்னாரு. இந்த மாசக் கடைசியில வேலை புதுப்பிக்கணும். பேரு இருக்குமா இருக்காதான்னு தெரியல."

"சிரிச்சதுக்கா அக்கா?"

"குடத்துக்கும் நான் சிரிச்ச மாதிரி ஒண்ணு எடுத்துப் போட்டுரு தம்பி. இவ எதுக்குன்னாலும் பல்லைக் காட்டுறவன்னு விட்டுருவாக."

ரஃபி கல்லாவில் கிடந்த கைபேசியைக் கவிழ்த்து வைத்தான். தன் பேருக்காகத்தான் இதுவரை பயந்திருந்தான். இப்போது இவளுக்காகவும் பயப்பட வேண்டியிருந்தது.

(இந்த இடத்தில் எனக்கு மூக்காயி மேல் ஒரு சந்தேகம். கதைக்குத் தோதாக அதிகமாகச் சிரிக்க வைத்துவிட்டேனோ? லாரித் தண்ணிக்கு யாராவது பதினேழு விநாடி சிரிப்பார்களா? சந்தேகத்தோடேயே மேலே போகிறேன்.)

5

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அ) வேலுசாமி அந்தப் பதினேழு விநாடியை வெட்டிக் குடத்துக்குப் பின்னால் ஒட்டுகிறார். மூக்காயிக்கு வேலை நிலைக்கிறது. — படிக்கச் சுகமாக இருந்தது. ஆனால் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் என்னிடம் எதிர்பார்த்ததும் மறுபக்கத்துக்கு இப்படி ஒரு ஒட்டுச் சிரிப்பைத்தானே என்று தோன்றியதும் கிழித்துவிட்டேன்.

ஆ) ரஃபி கேமராவைப் பார்த்து, 'சிரிப்பதற்கு யாரிடமும் அனுமதி—' போதும். அடுத்தவள் வேலையைப் பணயம் வைத்து அவன் வீரம் பேசுவது எனக்கு ஆகாது.

6

ஆகவே, மூக்காயி கேட்டபடியே, சனிக்கிழமை, மதியம் மூன்று மணி. ஜன்னல் அடைத்தாயிற்று, நிலா வந்தாயிற்று. இன்றைக்கு மூக்காயி மட்டும்தான் பார்வையாளர். ரஃபி குடத்துக் கிண்டலைச் சொன்னான். அவள் எழுத்துக்கூட்டிப் படிப்பதைப் போல ஹா, ஹா என்றாள். வேலுசாமி தலையில் கை வைத்துக்கொண்டார். இரண்டாம் தடவை. மூன்றாம் தடவை. அவள் முகத்தில் வேர்த்துக் கொட்டியதே தவிரச் சிரிப்பு வரவில்லை.

"வர மாட்டேங்குது தம்பி."

"அன்னைக்கு மட்டும் எப்படிக்கா அம்புட்டு சிரிச்சீங்க?"

மூக்காயி வேலுசாமியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த லாரித் தண்ணியை மேல தொட்டில ஏத்துனதே நாங்கதான். மோட்டார் ஓடல. நாலு பொம்பளைக குடத்துல மொண்டு மொண்டு ஏணில ஏத்துனோம். வெளிய மூச்சு விடக் கூடாதுன்னாக. வயித்துக்குள்ளயே வச்சிருந்தேன். நீ சொன்னதும் அடக்க முடியல."

ரஃபி நிலாத் துணியைப் பிடித்துக்கொண்டான். லாரி விஷயம் அவன் செருப்புக் கடையில் உட்கார்ந்து கற்பனையாக எழுதியது. அது நிஜம் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. (நானும்தான். சத்தியமாக, ஐந்தாம் பகுதி எழுதும் வரை எனக்கும் தெரியாது.)

"அப்ப நீங்கதான் எனக்குச் சொல்லிக் குடுத்தீங்கன்னு நெனப்பாங்களே அக்கா."

"அதைத்தானே மேஸ்திரி கேக்குறாரு. சிரிச்சதையா கேக்குறாரு?"

ரஃபி எந்தப் பக்கம் என்ற கேள்வியே இப்போது அற்பமாகிவிட்டது. வேலுசாமிதான், "இன்னொரு தடவ எடுத்துருவோம்ப்பா, சிரிச்சிட்டா பொழச்சுக்குவா" என்றார். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. மூக்காயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். ரஃபி தொடங்கினான்.

"அதைக் கண்டிச்சு காலிக் குடத்தோட போராட்டம் பண்ணாங்க. அம்புட்டும் புதுக் குடம்..."

7

இங்கே நிறுத்திக்கொள்கிறேன். எழுதிவிடலாம். ஆனால் நான் ஒரு நிறுத்தம் முன்பே இறங்கிப்போகிற ஆள் என்று முதலிலேயே சொல்லியிருக்கிறேன்.

இரண்டு கிண்டலையும் நீங்கள் படித்தீர்கள். எதற்கு உதடு அசைந்தது என்று உங்களுக்குத் தெரியும். எனக்குச் சொல்ல வேண்டாம், யாருக்குமே சொல்ல வேண்டாம். ஆனால் மூக்காயிக்கு இந்த நிமிஷம் ஒரு சிரிப்பு வேண்டும், குடத்துக்கு. உங்களிடம் இருந்தால் கொஞ்சம் சத்தமாகவே சிரித்துவிடுங்கள்.

அதற்கு முன்னால் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.