மூன்றாம் தொட்டியின் ஒயின்

வடகாற்றுக்காகப் பன்னிரண்டு நாள் காத்திருந்தார்கள். தெற்கிலிருந்து ஈரக்காற்று அடிக்கும் நாளில் பீப்பாய்க்குள் ஒயின் கலங்கிக் கிடக்கும், நாக்கும் மந்தமாக இருக்கும். அப்படி ஒரு நாளில் எதை எதோடு கலப்பது என்று முடிவெடுக்க அந்தப் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். பதின்மூன்றாம் நாள் விடியும்போது ஜன்னல் கதவுகள் அடித்துக்கொண்டன. வென்த்தூ மலை கழுவி வைத்ததுபோலத் தெரிந்தது. இன்றைக்குத்தான் என்று ஓதிலுக்குப் புரிந்தது. எழுந்திருக்கவே மனமில்லாமல் கொஞ்ச நேரம் கட்டிலின் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தாள்.

காபி குடிக்கவில்லை. சோப்புப் போட்டு முகம் கழுவவில்லை. சுவை பார்க்கும் காலைகளில் அவள் கணவன் சில்வேர் அப்படித்தான் இருப்பான். பதினாறு வருடமாக அவன் வெறும் வயிற்றோடு நிலவறைக்கு இறங்கிப் போவதை அவள் சமையலறையிலிருந்து பார்த்திருக்கிறாள். கீழே அந்த மேஜையில் அவளுக்கு இடம் இருந்ததில்லை. இப்போது தோட்டத்தில் பாதி அவள் பேரில். அவன் உட்கார்ந்த நாற்காலியும் அவளுக்கு வந்துவிட்டது.

சில்வேர் செத்து ஐந்து மாதம் ஆகிறது. அறுவடை முடிந்த அக்டோபரில், மூன்றாம் தொட்டிக்குள். புளித்து முடிந்த ஒயினை அடியிலுள்ள திருகு வழியாக இறக்கிய பிறகு, சிமெண்ட் தொட்டிக்குள் திராட்சைச் சக்கை முழங்கால் உயரத்துக்குக் கிடக்கும். யாராவது உள்ளே இறங்கி அதை வாரிப் போட வேண்டும். சக்கையின் மேல், கண்ணுக்குத் தெரியாமல், புளிப்பின் வாயு குளம்போல நிற்கும். அதனால் முதலில் கயிற்றில் மெழுகுவர்த்தியைக் கட்டி இறக்குவார்கள். சுடர் அணைந்தால் ஆள் இறங்கக் கூடாது. அன்றைக்கு மெழுகுவர்த்தி இறங்கவில்லை, சில்வேர் இறங்கினான். அண்ணனைத் தேடி வந்த எல்செயார் எட்டிப் பார்த்தவன், ஒன்றும் யோசிக்காமல் தானும் குதித்தான். பக்கத்துத் தோட்டக்காரர் கயிறு போட்டு இரண்டு பேரையும் இழுத்தார். மூச்சு இருந்தது ஒருவனுக்குத்தான்.

"துணி துவைச்சிக்கிட்டிருந்தேன். காலையிலேர்ந்து நிலவறைப் பக்கமே போகலை" என்று ஓதில் போலீஸ்காரரிடம் சொன்னாள். அது பொய். ஒரே ஒரு தடவைதான் சொன்னாள், அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

நிலவறைக்குள் அவள் நுழைந்தபோது வடக்கு ஜன்னலோரம் மேஜையில் வெள்ளைத்துணி விரித்திருந்தது. நகரத்து ஆய்வுக்கூடத்திலிருந்து ஜெர்மேன் கஸ்தான் வந்திருந்தாள். மூத்திரம் பரிசோதிக்கக் கொண்டுபோவதுபோலச் சின்னக் குப்பிகளில் ஒயினை எடுத்துக்கொண்டு ஊரே அவள் வாசலில் நிற்பதால், அவளுக்கு டாக்டரம்மா என்றே பெயர். அளவுக்குழாயில் எதையோ ஊற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்செயார் கைகளைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றான்.

"மூக்கு எப்படி இருக்கு எல்செயார், இன்னும் அடைப்புதானா?"

"மூக்கு நல்லாத்தான் இருக்கு டாக்டரம்மா. வாய்தான் கசக்குது."

"அது பொறந்ததிலேர்ந்தே அப்படித்தானே. மருந்து கெடையாது."

எல்செயார் சிரிக்கவில்லை. ஓதில் பக்கம் திரும்பினான். "பன்னெண்டு மணிக்கு லாரி வருது அண்ணி. மூணாம் தொட்டியோட நாலு பீப்பாயும் வடிசாலைக்குப் போயிடும். காய்ச்சி ஸ்பிரிட்டா ஆக்கிக்கட்டும். நான் பேசி முடிச்சிட்டேன்."

"சரி" என்றாள் ஓதில். அவளுக்கு உள்ளே ஏதோ தளர்ந்தது. அந்த நாலு பீப்பாய்களும் கண்ணிலிருந்து போய்விட்டால் அந்தக் காலையும் போய்விடும் என்று நினைத்தாள்.

எல்செயார் குதித்தபோது, தொட்டியின் திருகிலிருந்து ஒயினை இழுக்கும் பம்பின் ரப்பர் குழாய் நாலாவது பீப்பாயின் வாயிலேயே சொருகிக் கிடந்தது, நுனியில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. பம்பைப் பக்கத்துத் தோட்டக்காரர்தான் வந்து நிறுத்தியிருக்க வேண்டும் என்று அவன் நம்பினான். அப்படியானால், அண்ணன் உள்ளே விழுந்து கிடந்த நேரமெல்லாம், அவன் உடம்புக்கு அடியிலிருந்து ஒயின் பீப்பாய்க்கு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. இதை அவன் ஒரே ஒரு ராத்திரி, குடித்துவிட்டு, யாரிடமோ சொன்னான். மறுவாரமே காபிக்கடையில் அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள், பிணத்து ஒயின் என்று. தோட்டக்காரரிடம் போய், பம்பை நீயா நிறுத்தினாய் என்று கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

"உக்காருங்க ரெண்டு பேரும்" என்றாள் ஜெர்மேன். "மூணு கண்ணாடிக் கோப்பை. ஒண்ணு, ரெண்டு, மூணு. எதுல என்ன கலந்திருக்குன்னு கேக்கக் கூடாது. எது இந்த வீட்டுப் பேர்ல புட்டிக்குப் போகணும்னு மட்டும் சொல்லுங்க. ஓதில், முழுங்காம பாருங்க. பத்து மணிக்கே பாட ஆரம்பிச்சிடுவீங்க."

முதல் கண்ணாடியை ஓதில் வெளிச்சத்தில் சாய்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். பழுத்த பிளம், வெந்த அத்தி, கொஞ்சம் மிளகு. வாயில் வைத்ததும் இதமாக நிறைத்தது. மரத்தூள் வாளியில் துப்பினாள். வாய் உடனே காலியானது.

"நல்லாத்தானே இருக்கு" என்றாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றான் எல்செயார். "ஞாயித்துக்கெழம மாமியார் மாதிரி. வந்ததும் சிரிப்பு, சாப்பிட்டதும் கெளம்பிடும்."

இரண்டாவது நிறத்தில் இன்னும் கருப்பு. முன்னால் துவர்ப்பு பிடித்தது, பின்னால் ஒன்றும் இல்லை. எல்செயார் தலையை ஆட்டினான், அவளும் ஆட்டினாள்.

மூன்றாவதை முகர்ந்தபோது முதலில் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஈரமான ஆட்டுத்தோல்போல ஒரு வாசம். பிறகு அதற்கடியிலிருந்து கருப்புப் பழங்களும், வெயிலில் காய்ந்த மலைச்செடியும் மெல்ல எழுந்து வந்தன. வாயில் வைத்தாள். முதல் கண்ணாடியில் இருந்த அதே பழுத்த பிளம் இதிலும் இருந்தது. ஆனால் இதில் அதைத் தாங்க ஏதோ ஒன்று நிமிர்ந்து நின்றது. துப்பினாள். சுவை போகவில்லை.

மேஜையில் டக், டக் என்று ஒரு சத்தம் கேட்டது. அது அவளுடைய விரல். சில்வேர் அப்படித்தான் செய்வான். துப்பிய பிறகு சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று ஆள்காட்டி விரலால் தட்டி எண்ணுவான். சாப்பாட்டு மேஜையிலும் தட்டுவான், சூப்புக்குக்கூட. பதினேழு, பதினெட்டு. அவள் விரல் நிற்கவில்லை.

எல்செயார் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கரகரத்த குரலில், "மூணு" என்றான். "சந்தேகமே இல்ல. மூணுதான்."

"மூணு" என்றாள் ஓதிலும்.

ஜெர்மேன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துணியில் துடைத்தாள். அவசியத்துக்கு மேலேயே துடைத்தாள்.

"டாக்டரம்மா" என்றான் எல்செயார். "இதுல என்ன இருக்கு?"

"பாதிக்கு மேல கிரெனாஷ் திராட்சை. கொஞ்சம் சிரா. மிச்சம் அஞ்சுல ஒரு பங்கு, மேல் சரிவுல ஒங்க அண்ணன் வெச்ச மூர்வெத்ர். மூணாம் தொட்டி."

எல்செயார் எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "யார் ஒங்கள எடுக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல. சொல்லாம லாரியில ஏத்தி அனுப்பியிருந்தா எனக்குத் தூக்கம் வராது. முடிவு ஒங்களுதுதான். அது இல்லாம கலந்தா அஞ்சு வருஷத்துல படுத்துடும். அது இருந்தா இருவது வருஷம் நெலவறையில நிக்கும். நான் பாத்ததச் சொன்னேன்."

அவன் வாளியில் மறுபடியும் துப்பினான். வாயில் ஒன்றும் இல்லை, இருந்தும் துப்பினான். "எங்கண்ணன் மேல ஓடின தண்ணியடி அது" என்றான். ஜெர்மேனை அவன் ஒருநாளும் 'அடி' போட்டுக் கூப்பிட்டதில்லை.

மேல் சரிவில் சில்வேர் அந்த மூர்வெத்ர் கொடிகளை நட்டபோது ஊரே சிரித்தது. அந்த இனத்துக்குக் கடல் தெரிய வேண்டும், இந்த மலைக்குளிரில் அது பழுக்காது என்றார்கள். அதிகம் சிரித்தவன் எல்செயார். பன்னிரண்டு வருடம் அது பழுக்கவும் இல்லை. "கிரெனாஷ் சதை, சிரா நெறம். எலும்பு வேணாமா?" என்று ஒவ்வொரு அறுவடைக்கும் சில்வேர் அவளிடம் சொல்வான். பதின்மூன்றாவது வருடம்தான் அது முழுசாகப் பழுத்தது. அந்தப் பழத்தின் ஒயினை அவன் திருகிலிருந்து ஒரு வாய் குடித்தான். அவ்வளவுதான். மிச்சமெல்லாம் இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் லாரியில் ஏறப்போகிறது.

அது அவன்மேல் ஓடவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் அவள். அதைச் சொல்ல வேண்டுமானால் எப்படித் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும்.

வெளியே காற்று கூரை ஓடுகளைக் கிளப்பிக்கொண்டிருந்தது. ஓதில் மூன்றாவது கண்ணாடியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"எல்செயார். அந்தப் பம்ப நிறுத்தினது நான்."

அவன் திரும்பிப் பார்த்தான்.

"அவரு எறங்கறதுக்கு முன்னாடியே நிறுத்திட்டேன். திருகையும் நான்தான் மூடினேன். அவரு ஏணிமேல நின்னுக்கிட்டு, 'கலங்கலா வருது, போதும் நிறுத்து'ன்னாரு. நாலாவது பீப்பா நெறையல. நாலு விரல் கொறச்சல்."

எல்செயாரின் வாய் கொஞ்சம் திறந்தது. அடக்கம் முடிந்த மறுநாள் அந்தப் பீப்பாயை ஊற்றி நிரப்பியது அவன்தான். நாலு விரல் குறைந்திருந்ததை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

"நீங்க துணி துவைச்சிக்கிட்டிருந்ததா..."

"இல்ல."

ஜெர்மேன் எழப் பார்த்தாள். "இருங்க" என்றாள் ஓதில். "ரெண்டு தடவ சொல்ல என்னால முடியாது." பிறகு மேஜைத்துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மெழுகுவர்த்தி எடுத்துக்கிட்டு வான்னாரு. மேல போனேன். டிராயரத் தெறந்து கையில எடுத்துட்டேன். அப்ப ஃபோன் அடிச்சுது. நீம் ஊர்லேர்ந்து என் தங்கச்சி. அவ மக நிச்சயதார்த்தத்தப் பத்திச் சொன்னா. பத்து நிமிஷம் இருக்கும். மெழுகுவர்த்தி கையிலயே இருந்துச்சு. நான் வரத்துக்குள்ள நீ கத்தற சத்தம் கேட்டுது."

எல்செயார் விழுந்த நாற்காலியை நிமிர்த்தினான், ஆனால் அதில் உட்காரவில்லை. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"பத்து நிமிஷம்" என்றான்.

"ஆமா."

"நிச்சயதார்த்தம்."

"ஆமா."

"அவனாலயும் காத்திருக்க முடியாது. சின்ன வயசிலேர்ந்தே அப்படித்தான்" என்றான். அதை அவளுக்காகச் சொன்னதுபோல இல்லை. முகம் கல்லாக இருந்தது. ஐந்து மாதமாக அவனைத் தின்றுகொண்டிருந்த ஒன்று அந்த நேரத்தில் அவனைவிட்டு இறங்கியது. இன்னொன்று ஏறிக்கொண்டது. இரண்டையும் ஓதில் பார்த்தாள்.

லாரியின் ஹாரன் கேட்டது, சொன்ன நேரத்துக்கு முன்பே. எல்செயார் வெளியே போனான். நிலவறைக் கதவைக் காற்று அவன் கையிலிருந்து பிடுங்கிச் சுவரில் அடித்தது. குரல்கள் வந்தன, வார்த்தை வரவில்லை. டிரைவர் எதற்கோ சத்தம் போட்டான். பம்பை இறக்குகிறார்களா என்று ஓதில் காதைக் கூர்மையாக்கினாள். ஜெர்மேன் தன் கையை மேஜைமேல் அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தாள், தொடவில்லை.

இன்ஜின் உறுமியது. சரளைக்கல் நெரிந்தது. சத்தம் கீழே சாலையை நோக்கித் தேய்ந்து போனது.

எல்செயார் உள்ளே வந்தான். அவளைப் பார்க்கவில்லை. "கலவைய எழுதிக் குடுங்க டாக்டரம்மா" என்றான். "மூணாவதுதான்."

அதற்குப் பிறகு அவன் அவளோடு பேசவில்லை. கலவை பீப்பாய்களில் ஏறி நிலவறையின் கடைசிக்குப் போனது. பீப்பாய் மரம் குடிப்பதாலும் காற்றில் போவதாலும் ஒயின் குறையும், வாரம் ஒருமுறை ஊற்றி நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் காற்றுப் பட்டு வினிகர்வாடை வந்துவிடும். வியாழக்கிழமைதோறும் அவன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பான், அவள் நீளமூக்குக் கேனால் ஊற்றுவாள். வாய்வரை ஏறியதும் அவன் விளக்கை லேசாக ஆட்டுவான். அவள் நிறுத்துவாள். பெரிய அடைப்பைத் தட்டி மூடுவான். அடுத்த பீப்பாய். இளவேனிலும் கோடையும் அப்படியே போயின. ஈஸ்டருக்குக் கூட ஒரு வார்த்தை இல்லை. ஒவ்வொரு வியாழனும் படியிறங்கும்போது, இன்று அவன் வரமாட்டான் என்று அவளுக்குத் தோன்றும். விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும்.

அக்டோபர் வந்தது. மூன்றாம் தொட்டியில் மறுபடியும் மேல் சரிவுப் பழம் புளித்து அடங்கியது. ஒயினை இறக்கும் நாளன்று காலையில் ஓதில் சமையலறையில் நின்று பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்ததையே துடைத்தாள். கீழே பம்பு ஓடும் சத்தம் தரைவழியாக ஏறி வந்தது. பிறகு அது நின்றது.

அவள் கையும் நின்றது.

"அண்ணி." ஏழு மாதத்தில் முதல் தடவை. "மெழுகுவர்த்தி கொண்டாங்க."

டிராயரைத் திறந்தாள். படிக்கட்டில் அவள் ஓடியபோது பின்னால் ஃபோன் அடித்ததோ இல்லையோ, அவளுக்குத் தெரியாது. எல்செயார் ஏணியின் மேல்படியில், கால்களை வெளிப்பக்கமாகத் தொங்கவிட்டு, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கயிற்றை நீட்டினான். அவள் கட்டினாள், அவன் பற்றவைத்தான், அவளே இறக்கினாள். சுடர் தொட்டியின் வாயைத் தாண்டியது, கருஞ்சிவப்புச் சுவரில் கொஞ்ச தூரம் வெளிச்சம் அடித்தது, பிறகு யாரோ ஊதியதுபோல அணைந்தது.

அவன் கீழே எட்டிப் பார்த்தான். அவளும் பார்த்தாள். இருட்டில் சக்கையின் வாசம் மட்டும் வந்தது.

"அவசரம் ஒண்ணுமில்ல" என்றான் எல்செயார். நகர்ந்து, ஏணிக்குப் பக்கத்துத் திட்டில் அவள் உட்கார இடம் விட்டான்.