ஒன்பது மணி நேரம் கூடுதலாக வாழ்ந்த குக்கி

என் நிரலில் பிழை என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போகிறவள் நான். அன்று பிழையைத் தேடிப் பிடித்ததே நான்தான்.

கொரியாவின் தேகு நகரில் ஒரு மருத்துவமனைக்கு, நோயாளிகளின் கோப்புகளைப் பார்க்கும் தளத்தை நாங்கள்தான் செய்து கொடுத்தோம். உள்நுழையும் பகுதி என் கைவேலை. அங்கே ஒரு பள்ளி மாணவியின் கோப்பை யாரோ திறந்து பார்க்க, அவளுக்கு வலிப்பு வரும் சங்கதி வகுப்பு முழுக்கப் பரவிவிட்டது. பார்த்தது நர்ஸ் பியோ மிராங் என்றது பதிவு. அந்த நேரத்தில் மிராங் ஷிஃப்ட் முடிந்து வீட்டில் இருந்தாள். லாக் அவுட் செய்யாமல் போனதால் வந்த வினை என்று அவளை வேலையிலிருந்து நீக்கப் பார்த்தார்கள். எதற்கும் எங்களையும் ஒரு வார்த்தை கேட்டார்கள். அவள் தந்த விளக்கத்தையும் அனுப்பியிருந்தார்கள்: "விண்டோவை மூடிட்டுத்தான் போனேன். மூடினா போதும், அரை மணியில தானா வெளியேறிடும்னு பயிற்சியில சொன்னாங்க."

பயிற்சியில் சொன்னது நான்தான்.

உள்நுழைந்ததும் சர்வர் ஒரு குக்கியைக் கொடுக்கும். கண்காட்சி வாசலில் கையில் குத்துகிற முத்திரை மாதிரி. இன்ன நேரம் வரை செல்லும் என்று அதில் இருக்கும். அதைக் கிரீன்விச் நேரத்தில்தான் எழுத வேண்டும். நான் அதைவிட ஒன்பது மணி நேரம் முந்தி ஓடும் கொரிய நேரத்தை எழுதி, பின்னால் கிரீன்விச் என்று ஒட்டியிருந்தேன். அரை மணியில் சாக வேண்டிய குக்கி, இன்னும் ஒன்பது மணி நேரம் கூடுதலாக உயிரோடு இருந்திருக்கிறது. அடுத்து அந்தக் கணினியில் உட்கார்ந்தவர் யாரானாலும் தளத்தின் கணக்கில் அவர் மிராங்தான். குளிர்காலத்தில் லண்டன் கடிகாரமும் கிரீன்விச் நேரம்தான்; அங்கே உட்கார்ந்து எழுதியிருந்தால் இது தப்பாகவே இருந்திருக்காது. சோதிக்கும்போது நாங்கள் எல்லோரும் ஒழுங்காக லாக் அவுட் அழுத்தினோம். மூடிவிட்டுக் காத்திருந்து பார்க்க எவருக்கும் பொறுமை இல்லை.

டீம் லீடர் மா தொங்சிக்கிடம் சொன்னேன்.

"திருத்திட்டியா செஒக்?"

"திருத்திட்டேன் சார். ஆனா அந்த நர்ஸ்..."

"லாக் அவுட் அழுத்தணும்னு கையேட்டுல இருக்கா? இருக்கு. அதையே எழுதி அனுப்பு. ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரத்துல பெரிய உத்தமி ஆகாதே."

எழுதினேன். அனுப்பியும் தொலைத்தேன். இவ்வளவு கேவலமானவளா நான் என்று இருந்தது.

மறுநாள், நோயாளிகளைப் பார்க்கப் போகிறவர்கள் வாங்குகிற ஜூஸ் பெட்டி ஒன்றோடு தேகுவுக்கு ரயில் ஏறினேன். மிராங் லாக்கரைக் காலி செய்துகொண்டிருந்தாள். யாரென்று சொன்னதும் எனக்கு முந்தி அவள் குனிந்து வணங்கினாள்.

"என்னால உங்களுக்கு வீண் அலைச்சல், மேடம். உங்க அறிக்கையைப் படிச்சதும்தான் உறைச்சுது. மூடினா போதும்னு நானே நினைச்சுக்கிட்டேன் போல."

"நீங்க மூடினது சரிதான். தப்பு என்னோடது." மிச்சத்தையும் சொன்னேன். "இப்பவே தலைமை நர்ஸ்கிட்ட சொல்லிடறேன். உங்க வேலை போகாது."

அவள் கையிலிருந்த செருப்பைக் கீழே வைத்தாள்.

"வேலை கிடக்கட்டும். காலையில அந்தப் பொண்ணோட அம்மா வந்தாங்க. இந்த வராண்டாவுல, எல்லாரும் பார்க்க, முட்டி போட்டு மன்னிப்புக் கேட்டேன். என் மூஞ்சியைக்கூட அவங்க பார்க்கலை."

தலைமை நர்ஸைத் தேடிப் போகத் திரும்பினேன்.

"தலைமை நர்ஸை அப்புறம் பார்ப்போம்" என்றாள். "முதல்ல அவங்க வீட்டுக்கு வாங்க. நீங்க முட்டி போடுங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்."