டைல்ஸ்காரர் வேண்டாம் என்ற வண்டிகள்

1

இது கட்டுரையாக வந்திருக்க வேண்டியது. நெடுந்தூரப் பயணத்துக்குப் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று எழுதித் தரச் சொல்லி ஒரு பத்திரிகையில் கேட்டார்கள். எனக்கு சைக்கிளே தகராறு. ஆனாலும் தலையாட்டிவிட்டு, நாலு விஷயம் தெரிந்துகொள்ளலாம் என்று பழைய வண்டிகள் விற்கும் இடத்துக்குப் போனேன்.

அங்கே உயரமான ஒரு வண்டிக்கு அடியிலிருந்து ஒரு பெண்ணின் பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு மனிதர் அவளுடைய செருப்புகளைக் கையில் பிடித்தபடி நின்றார். கீழே வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

"அடியில புதுசா கறுப்பு பெயின்ட் அடிச்சிருக்காங்க" என்றது வண்டிக்கு அடியிலிருந்து வந்த குரல். "துருவை மறைக்கத்தான்."

"அப்ப வேண்டாம்மா" என்றார் அவர், பட்டென்று.

அந்த முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதுதான் என் கட்டுரையைக் கெடுத்தது. வண்டி சரியில்லை என்றால் வருத்தமல்லவா வர வேண்டும்? வீட்டுக்கு வந்து அவர்கள் இருவரையும் எழுத ஆரம்பித்தேன். பத்திரிகைக்காரர்கள் கோபப்பட வேண்டாம். வண்டி பற்றிய விஷயங்களை அடைப்புக்குறிக்குள் வைத்திருக்கிறேன், பொறுக்கி எடுத்துக்கொள்ளலாம்.

(முதல் விஷயம்: எடுத்தவுடன் அடியில் படுத்துப் பாருங்கள். மேல்பூச்சு பளபளப்பதில் பிரச்சினையில்லை. அடிப்பகுதி பளபளத்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.)

2

தொடக்கம், முதல் முயற்சி: "வாழ்க்கை என்னும் நெடுஞ்சாலையில் அவள்—"

வேண்டாம். இப்படி ஆரம்பிக்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.

இரண்டாம் முயற்சி: "மழை வரும்போல் இருந்த அந்தக் காலையில்—"

மழைக்கும் வண்டிக்கும் என்ன சம்பந்தம்? நேராகச் சொல்லிவிடுகிறேன்.

அவள் நகரப் பேருந்து ஓட்டுநர், இப்போது ஓய்வு பெற்றவள். வேலை பார்த்த காலமெல்லாம் ஒரே தடம்தான். கடைசி நிறுத்தம் வந்ததும் வண்டியைத் திருப்ப வேண்டும். சாலை மட்டும் திரும்பாமல், பெட்ரோல் பங்க்கைத் தாண்டி மேட்டில் ஏறி, கண்ணுக்குத் தெரியாத எங்கோ போய்க்கொண்டே இருக்கும். அவள் ஒருநாளும் அந்த மேட்டைத் தாண்டியதில்லை. ஓய்வு பெற்றதும் சொந்த வண்டியில், கணவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, சாலை முடியுமட்டும் போக வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அவரும் ஒப்புக்கொண்டிருந்தார்.

கதையில் அவருக்கு டைல்ஸ் பதிக்கும் வேலை கொடுத்தேன். பெரிய காரணமெல்லாம் இல்லை. அன்று என் வீட்டுக் குளியலறையில் டைல்ஸ் வேலை நடந்துகொண்டிருந்தது, ஆள் கண்ணெதிரே மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். கிடைத்ததை எடுத்துக்கொண்டேன்.

3

இரண்டாவதாகப் பார்த்த சாம்பல் நிற வண்டியில் அவளுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. டைல்ஸ்காரர் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து பானட்டின் மேல் வைத்தார். தரை சமமாக இருக்கிறதா என்று காட்டும் அந்தக் கருவியில் நீர்க்குமிழி கொஞ்சம் ஒதுங்கி நின்றது.

"சாயுதும்மா."

"அண்ணே, சாயுறது எங்க தரை" என்றார் வண்டியைக் காட்டிய தரகர்.

(டயர்கள் நான்கும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது கிளப்பச் சொல்லுங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால், எதையோ மறைக்கிறார்கள். ரசமட்டம் தேவையில்லை.)

அடுத்ததாக ஒரு வெள்ளை வண்டி. உள்ளே ஏதோ வாடை அடிக்கிறது என்றார் டைல்ஸ்காரர்.

"நீங்க உள்ளயே ஏறலையே" என்றாள் அவள். "வெளியில நின்னுக்கிட்டு வாடை எப்படித் தெரிஞ்சுது?"

அவர் ரசமட்டத்தைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எந்த வண்டியிலும் அவர் ஏறி உட்காரவே இல்லை.

அன்று மாலை சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே, அவர் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"என்கூட வர இஷ்டமில்லைன்னா சொல்லிடுங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

"யாரு இஷ்டமில்லைன்னாங்க?"

"நாளைக்கு ஒரு வண்டி பாக்கப் போறோம். அதையும் வேண்டாம்னீங்கன்னா, இனிமே இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன் என்றவள் விடிய விடிய அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆளுக்கொரு நேரத்தில் வேலைக்குப் போய், ஆளுக்கொரு நேரத்தில் சாப்பிட்டு, ஓடிப்போன வருஷங்கள். இனி நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்றதும் மனுஷனுக்குக் கசந்துவிட்டதோ என்று பயந்தாள்.

4

இந்த இடத்தில் எனக்கும் அவர்மேல் சந்தேகம் வந்துவிட்டது. அவருக்கு அவளைப் பிடிக்காமல் போய்விட்டது என்று எழுதிப் பார்த்தேன். செருப்பு குறுக்கே வந்தது. பிடிக்காதவர் எதற்குச் செருப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்?

சரி, ஒரு நோய் கொடுத்துவிடலாம் என்று பார்த்தேன். எழுதுகிறவர்கள் எல்லோரும் மேசை இழுப்பறையில் ஒரு நோயைத் தயாராக வைத்திருப்போம். "மருத்துவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். டைல்ஸ்காரர் தரையைப் பார்த்தார். அதில் ஒரு ஓடு—"

இதற்கு மேல் பேனா நகரவில்லை. அவளை அந்த மேட்டைத் தாண்ட விடாமல் செய்ய எனக்கு மனம் வரவில்லை. வேறு வழி தெரியாமல் மறுநாளைக்கு அவர்களோடு நானும் கிளம்பினேன்.

5

பச்சை வண்டி. அவள் அடியில் படுத்துப் பார்த்தாள், எஞ்சினைக் கிளப்பிக் கேட்டாள், புகையைப் பார்த்தாள். எல்லாம் திருப்தி.

"ஓட்டிப் பாத்துட்டு வரேன். ஏறுங்க."

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்றார் டைல்ஸ்காரர். "நான் இப்படிக் காத்தாட நிக்கிறேன்."

அவள் முகம் விழுந்துவிட்டது. தரகரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனாள். (நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கும் சின்ன கியரை மண்தரையில் கட்டாயம் போட்டுப் பாருங்கள். பல வண்டிகளில் அது அலங்காரத்துக்குத்தான் இருக்கும். இதில் வேலை செய்தது.)

திரும்பி வரும்போது ஒரு பேருந்து நிறுத்தம். மனசு எங்கோ இருந்ததால் கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. அழகாக ஓரம் கட்டி, நடைபாதையை உரசுகிற மாதிரி நிறுத்திவிட்டாள்.

"அக்கா, யாரை ஏத்தப் போறீங்க?" என்றார் தரகர்.

அவளுக்கே வெட்கமாகிவிட்டது. கிளம்பலாம் என்று பழக்கதோஷத்தில் பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். நிறுத்தத்தின் பெஞ்சில் அவள் கணவர் உட்கார்ந்திருந்தார். காற்றாட நிற்கிறேன் என்றவர், உட்கார இடம் தேடி இதுவரை நடந்து வந்திருக்கிறார்.

அவளைப் பார்த்துவிட்டு எழுந்தார். ஒரு கையைத் தொடையில் ஊன்றி, மறு கையால் கம்பத்தைப் பிடித்து, இடது காலை முன்னே வைத்து, வலது காலைப் பின்னாலேயே இழுத்துக்கொண்டு வந்தார். இப்படி வரும் பயணிகள் எத்தனை பேரை அவள் கண்ணாடியில் பார்த்திருப்பாள்! அவர்களுக்காகத்தானே நடைபாதையை உரசி நிறுத்தப் பழகினாள். கணவர் மட்டும் அவள் பேருந்தில் ஏறியதே இல்லை. அவருக்கு மொபெட், பின்னால் டைல்ஸ் வெட்டும் கருவி. அதனால் அவர் எப்படி நடந்து வருகிறார் என்று அவள் கண்ணாடியில் பார்த்ததே இல்லை.

உயரமான நடைபாதையிலிருந்து அவர் முன்கதவு வழியாகச் சுலபமாக ஏறி, அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கே ஆச்சரியம்.

"எந்த முட்டி?" என்றாள்.

வலது முட்டியைத் தேய்த்துக்கொண்டார். "ரெண்டும்தான். வலதுதான் ரொம்ப."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பயணத்தையே விட்டுடுவே. உன்னைத் தெரியாதா எனக்கு? தாழ்வா ஒண்ணு கிடைக்குமான்னு பாத்தேன். எல்லாம் ஒட்டகம் மாதிரி நிக்குது."

"முட்டிதானா?"

"என்னம்மா, முட்டிதானாங்கிறே?"

"முட்டிதானா!" அவள் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, அதைத் துடைக்கவும் தோன்றவில்லை. "நான் என்னென்னவோ நெனச்சுட்டேங்க."

"அண்ணே, கதவுக்குக் கீழ ஒரு படி வெச்சுக்கலாம்" என்றார் பின்னாலிருந்து தரகர். "இதுக்கா ரசமட்டம் எல்லாம் எடுத்துட்டு வந்தீங்க?"

"முதல்ல டாக்டர்கிட்ட காட்டணும்" என்றாள் அவள். "அப்புறம் படி. படி இல்லாத ஊர்ல நான் மேடு பாத்து நிறுத்துறேன். யார் யாருக்கோ நிறுத்தியிருக்கேன்."

6

நானும் இழுப்பறையைச் சாத்திவிட்டேன். அப்பாடா என்று இருக்கிறது. மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார் என்று இரண்டாம் பகுதியில் எழுதியவனே நான்தான். இருந்தும் காரணத்தைத் தேடி ஊரெல்லாம் அலைந்திருக்கிறேன்.

பச்சை வண்டியையே வாங்கினார்களா என்று கேட்காதீர்கள். அதை உங்களிடம் விடுகிறேன். சாம்பல் வண்டியும் மோசமில்லை, தரைதான் சாய்வு. வெள்ளை வண்டியில் எந்த வாடையும் இல்லை. எதைக் கொடுத்தாலும் சரி, எந்தச் சிற்றூர் மெக்கானிக்குக்கும் கைப்பழக்கமான வண்டியாகக் கொடுங்கள், படியை மறந்துவிடாதீர்கள். மேட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் பாக்கி. அன்று அவர் செருப்பைக் கீழே வைக்காததற்குக் காரணம் இப்போது தெரிகிறது. குனிய முடிந்திருக்காது. ஆனால் நின்ற இடத்திலிருந்தே கீழே போட்டிருக்கலாம், செருப்புதானே. அவள் வண்டிக்கு அடியில் இருந்த நேரம் முழுக்க அவர் அதைப் போடவில்லை. அதற்கு முட்டி காரணமில்லை.