வெள்ளையடித்த ஈரம்

லைசன்ஸ் உள்ள காண்ட்ராக்டர் மறுநாள் வருவதாகப் போனில் சொன்னதும், தையல்காரி செய்த முதல் காரியம் படுக்கையறைச் சுவருக்கு வெள்ளையடித்ததுதான்.

சிரிக்காதீர்கள், கண்ணுகளா. அவள் நிலைமையில் இருந்தால் நீங்களும் நானும் கூரைக்குக்கூட வெள்ளையடித்திருப்போம்.

அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். பக்கவாதம் வந்து, உடம்பில் ஒரு பாதி ஓய்ந்துபோய், ஆஸ்பத்திரியில் கிடந்தார். வலது கை மட்டும்தான் சொன்ன பேச்சைக் கேட்டது. வாயில் மிஞ்சியதும் ஒரே சொல்: "வீடு." ஆஸ்பத்திரியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். குளியலறைக்குள் சக்கர நாற்காலி போக வேண்டும், அவர் பிடித்து எழுந்திருக்கச் சுவரில் கைப்பிடி வேண்டும், வேலை சரி என்று லைசன்ஸ் உள்ள ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். நர்ஸம்மா நேரில் வந்து பார்ப்பார். சரியாக இருந்தால் வீடு. இல்லாவிட்டால் ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் பராமரிப்பு இல்லம். அந்த இல்லத்துக்குப் போன எதிர்வீட்டுக்காரர் திரும்பி வந்ததைத் தெருவில் ஒருவரும் பார்க்கவில்லை.

முதலிலேயே லைசன்ஸ்காரரைக் கூப்பிட்டிருக்கலாம். கொழுந்தன் விட்டால்தானே! "அண்ணி, எனக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தன் இருக்கான். லைசன்ஸ் ஒண்ணுதான் இல்ல, மத்த எல்லாம் இருக்கு" என்று ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்தான். எதைக் கேட்டாலும் அந்த ஆள் "ஆயிடும்" என்பான். கதவு அகலமாகுமா? ஆயிடும். படியை எடுக்க முடியுமா? ஆயிடும். கடைசியில் அவனுக்கே 'ஆயிடும்' என்று பேர் வந்துவிட்டது. கதவை அகலமாக்கினான், படியை எடுத்தான், குழாயைச் சுவருக்குள் திருப்பிவிட்டு மேலே டைல்ஸ் ஒட்டினான். பிறகு ஒருநாள் ஸ்க்ரூ வாங்கப் போனவன் போனவன்தான்.

அதன் பிறகுதான் குளியலறைக்கு இந்தப் பக்கம், படுக்கையறைச் சுவரில் ஈரம் பூத்தது. லைசன்ஸ் உள்ள இரண்டு பேர் வந்தார்கள். இருவரும் அந்தக் கறையைப் பார்த்தார்கள், கழற்றிய செருப்பை மாட்டிக்கொண்டார்கள். "இன்னொருத்தன் கெடுத்த வேலையில நாங்க கை வைக்கிறதில்லம்மா. நாளைக்கு எதுவும் ஆனா எங்க தலைதான் உருளும்."

அதனால்தான் வெள்ளையடித்தாள். தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, சுவரைத் துடைத்து, காற்றாடி வைத்துக் காயவைத்து, கொழுந்தனும் அவளுமாக இரண்டு பூச்சு பூசினார்கள். கறை போன இடம் தெரியவில்லை. "பார்த்தீங்களா அண்ணி, பளிங்கு மாதிரி!" என்றான் கொழுந்தன்.

வந்த காண்ட்ராக்டர் ஒரு பெண்பிள்ளை. நரைத்த தலை, முட்டி தேய்ந்த கால்சட்டை, இடுப்பில் டேப். காபி டீ எதுவும் வேண்டாம் என்று நேரே குளியலறைக்குப் போனார். கதவை அளந்தார். தரையில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குந்தி உட்கார்ந்து பார்த்தார்.

"டைல்ஸ் யார் போட்டது?"

"அது பழசுங்க" என்றான் கொழுந்தன்.

"பழசா? இடுக்குல சிமெண்ட் இன்னும் பச்சைக் குழந்தை மாதிரி இருக்கு." எழுந்து படுக்கையறைக்கு வந்தார். மூக்கை உறிஞ்சினார். "இந்தச் சுவருக்கு மட்டும் புதுசா பெயிண்ட் அடிச்சிருக்கீங்க?"

"அவர் வர்றார்ல, அதான்..." என்றாள் தையல்காரி.

"அவர் என்ன, ஒத்தைச் சுவரையா பார்த்துட்டு இருக்கப் போறார்?" காண்ட்ராக்டர் சுவரில் உள்ளங்கையை வைத்தார். "இங்க ஈரம் எதுவும் இருந்துச்சா?"

"இல்லைங்க."

சொல்லிவிட்டாள். காண்ட்ராக்டர் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டுக் குளியலறைக்குத் திரும்பினார்.

மறுநாள் காலையில் நர்ஸம்மா வருகிறார். கைப்பிடியை இன்றே பொருத்திவிடலாம் என்று காண்ட்ராக்டர் சொன்னதும் கொழுந்தன் அண்ணியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். அதே சுவரின் குளியலறைப் பக்கம் குறி போட்டாயிற்று. டிரில் மெஷின் சுவரைத் தொட்டது.

"இதுக்குள்ள குழாய் எதுவும் போகலையே?"

"சேச்சே" என்றான் கொழுந்தன்.

தையல்காரியின் கண் அந்தக் குறியிலேயே நின்றது. அந்த இடத்தைத்தான் அவர் பிடிப்பார். உடம்பு மொத்தத்தையும் ஒற்றைக் கையில் தொங்கவிட்டு எழுவார். உள்ளே ஊறிப்போன சுவர். கைப்பிடி கையோடு வந்தால், அவர் விழும்போது பிடித்துக்கொள்ள இன்னொரு கை கிடையாது.

"நிறுத்துங்க!"

"அண்ணி!" கொழுந்தன் பல்லைக் கடித்தான்.

"நீ சும்மா இரு தம்பி. விழப்போறது உன் அண்ணன்." அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். "ஈரம் இருந்துச்சுங்க. நான்தான் வெள்ளையடிச்சு மறைச்சேன். குழாயும் உள்ளதான் போகுது. உண்மையச் சொன்னா நீங்களும் போயிருவீங்கன்னு..."

காண்ட்ராக்டர் மெஷினைக் கீழே வைத்தார். கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்குத் தேவலாம் போலிருந்திருக்கும்.

"ஏம்மா, அந்தக் கறைதானே எனக்கு வழி சொல்லியிருக்கும்? எங்க ஆரம்பிச்சு எப்படிப் பரவியிருக்குன்னு பார்த்தா, எங்க ஒழுகுதுன்னு கண்டுபிடிச்சிரலாம். அதையே அழிச்சிட்டீங்க. இனி சுவர் முழுக்க உடைக்கணும். அதுக்கு இப்ப ஏது நேரம்?" என்றபடி டேப்பைச் சுருட்டினார்.

டேப் சுருளும் சத்தம் கேட்டதும் தையல்காரி எழுந்து ஓடினாள். தையல் மெஷின் இழுப்பறையிலிருந்து, துணியில் குறி போடும் சாக்கட்டியை எடுத்துக்கொண்டு படுக்கையறைச் சுவர் முன்னால் நின்றாள். தினம் விடிந்ததும் அவள் முகத்தில் விழித்த கறையல்லவா அது!

"முதல்ல இங்க வந்துச்சு. சட்டைப் பொத்தான் அளவு." சின்ன வட்டம் ஒன்று போட்டாள். வெள்ளைச் சுவரில் நீலக் கோடு. "அடுத்து இப்படிக் கீழ இறங்குச்சு. இங்க வந்து அகலமாச்சு, சட்டைக் கை வெட்டுற மாதிரி வளைஞ்சு. மேல மட்டும் ஏறவே இல்ல." கோடு எங்கேயும் கோணவில்லை. ஆயுசெல்லாம் கோடு போட்ட கை.

காண்ட்ராக்டர் பக்கத்தில் வந்து நின்றார். பொத்தான் வட்டத்தை விரலால் தட்டினார். உளியை எடுத்தார்.

காரை உதிர்ந்தது, ஈரச் செங்கல் தெரிந்தது, அதன் பின்னால் குழாய். இரண்டு துண்டை ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டியிருந்தான் அந்த மகாராசன்.

"ஆயிடும்னு சொன்னானே..." கொழுந்தன் முனகினான்.

"ஆயிருச்சே" என்றார் காண்ட்ராக்டர்.

அன்று பொழுது சாயும் வரை வேலை நடந்தது. சுவரை மட்டும் அவர் மூட மறுத்துவிட்டார். புதுக் குழாயில் தண்ணீரை அழுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும், ஊறிய செங்கல்லை மாற்ற வேண்டும், வைத்த செங்கல் இறுக வேண்டும், அதற்கப்புறம்தான் கைப்பிடி.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் மூடிக் காட்டுங்களேன், உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்" என்று தையல்காரி அழுதாள்.

"மூடிக் காட்டுன சுவரைத்தாம்மா நான் இன்னிக்கு உடைச்சேன்."

காலையில் நர்ஸம்மா வந்தார். ஓட்டையைப் பார்த்தார், தலையை ஆட்டினார். நல்ல மனுஷிதான். ஆனால் வார்டில் அந்தப் படுக்கைக்கு வேறு ஆள் காத்திருந்தார். "இன்னிக்கு மத்தியானமே இல்லத்துக்கு வண்டி போகுதும்மா. வேலை முடிஞ்சதும் போன் பண்ணுங்க, அன்னிக்கே வந்து பார்க்கிறேன்."

"இது முடியற வரைக்கும் நான் வேற வேலைக்குப் போகமாட்டேன்" என்றார் காண்ட்ராக்டர், உடைத்த சுவரைப் பார்த்தபடி.

தையல்காரி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். டிரைவரை ஏற்கெனவே சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, துணிப்பையை மடியில் வைத்திருந்தார்கள். அவளைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"வீடு."

"வீடு உடைஞ்சு கிடக்குங்க" என்றாள். "சுவர் காயணும். காஞ்சதும் நானே வந்து கூட்டிட்டுப் போறேன். சத்தியமா."

அவருக்கு எவ்வளவு புரிந்ததோ. வண்டிக்காரர் நாற்காலியைத் திருப்பியபோது வலது கை மட்டும் எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தது. பழைய ஸ்டியரிங் பிடி. எலும்பு நொறுங்கிவிடும் போலிருந்தது. "விடுங்க சார், நேரமாகுது" என்றார் வண்டிக்காரர். வீட்டுக்காரர் விடவில்லை. அவளும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

எவ்வளவு பலமாக இழுக்கிறார் என்பதை மட்டும் உடம்பால் அளந்துகொண்டு நின்றாள். காண்ட்ராக்டரிடம் போய்ச் சொல்ல வேண்டும், அந்தக் கைப்பிடி இந்த இழுப்பைத் தாங்க வேண்டும் என்று.